இரண்டு புள்ளி எட்டு

முதலில் கண்டுபிடித்தது கணக்கு அல்ல,
உறை.
பழுப்பு நிறம், வாய் ஒட்டாதது.
யாருக்காவது உடம்பு முடியாமல் போனால்
நான்தான் அதை லைன் லைனாகக் கொண்டுபோவேன்.
ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி,
பெயருக்கு எதிரே ஒரு டிக்.
ஏழாவது உறையை நீட்டியபோது
மூன்றாம் லைன் சூன் ஹுவா
காசைப் போட்டுவிட்டு மலாயில் கேட்டாள்:
மறுபடியும் அந்த அறையா?

அந்த அறை.
பலகைகளைக் கழுவி உலர்த்தும் அறை.
பழுத்துக் கனிந்த ஏதோ பழம்போல வாசனை வரும்,
வேலைக்குச் சேர்ந்த புதிதில்
எனக்கு அது பிடித்திருந்தது.

தைப்பூசத்துக்கு அடுத்த புதன்கிழமை
பாயான் லெப்பாஸ் மழையில் நனைந்து
டாக்டர் ஹஸ்லினா வந்தார்.
பார்வையாளர் அட்டை தலைகீழாகத் தொங்கியது.
ஏழு பெயர்களை எழுதி வைத்திருந்தேன், நீட்டினேன்.
வாங்கி மடித்து வைத்துக்கொண்டு
"இது பிறகு போதும்,
நோய் வராதவர்களைக் கொடுங்கள்" என்றார்.

வராதவர்கள்!
அவர்களுக்கு யார் உறை எடுத்தது?
ஸ்டோரில் பதினொரு பெட்டி பஞ்ச் கார்டு.
இரண்டு பெட்டியைக் கரையான் படித்து முடித்திருந்தது.
தூசியில் தும்மித் தும்மி
முந்நூற்று இருபத்தாறு பேரை வெளியே எடுத்தேன்,
கல்யாணமாகிப் போனவர்களை,
சண்டை போட்டுப் போனவர்களை,
சொல்லாமலே போனவர்களை.

மேலாளர் ஓங் கதவருகே நின்று சொன்னார்:
நாலு நம்பர் எடுப்பவர்கள் பினாங்கில் எத்தனை பேர்!
ஒரே சந்தில் இரண்டு பேருக்கு விழுந்தால்
அதிர்ஷ்டம் சந்துக்கா?
டாக்டர் கோபப்படவில்லை.
"தற்செயலாகவும் இருக்கலாம்,
அதனால்தான் சந்தில் எல்லோரையும் கேட்கிறேன்."

இத்தனை பேர், இந்த வயது, இத்தனை வருடம் என்றால்
எப்படியும் வந்திருக்கக்கூடியது
இரண்டு புள்ளி எட்டு பேருக்கு.
அந்தப் புள்ளி எட்டு ஆளை
பஸ்ஸில் வீடு போகும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.
எது இல்லாமல் இருப்பாள்?

பிறகு ஏழு குறையத் தொடங்கியது.
ரொஹானா அங்கே இருந்தது நாலே மாதம்: நீக்கம்.
தவமணிக்கு அறைக்கு மாறும் முன்பே வந்துவிட்டது: நீக்கம்.
லீலாதேவிக்கு இருந்தது வெறும் கட்டி,
ரிப்போர்ட்டை அவளே சரியாகப் படிக்கவில்லை.
கேன்டீனில் எனக்கு மீ கோரெங் வாங்கித் தந்து
பட்டியலிலிருந்து விழுந்ததற்குச் சிரித்துச் சிரித்து
கடைசியில் அழுதாள்.
ரொஹானா, நீக்கப்பட்ட பிறகும்,
செத்தவள்தான்.

நான்கு.
இரண்டு புள்ளி எட்டுக்கு நான்கு.
ஆம் என்று சொல்ல முடியாது,
இல்லை என்றும் சொல்லமாட்டேன் என்று
டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அடுத்த மாதமே அந்த அறைக்குப்
பெரிய காற்றுறிஞ்சி ஒன்று வந்தது.
பில் என் மேசை வழியாகத்தான் போனது.
காரணம் என்ற கட்டத்தில்
'பராமரிப்பு' என்று இருந்தது.

மீதி நாற்பத்தொரு பேர்,
ஏஜெண்ட் கொண்டுவந்து ஏஜெண்ட் திருப்பி அனுப்பியவர்கள்.
மேடான், லம்போங், பெயர் புரியாத சிற்றூர்கள்.
இரண்டு வாரம் மாலை மாலையாக அழைத்தேன்.
நாங்கள் மறந்துவிட்ட பழைய எண்களில்
ஒரே பெண்குரல், பதிவு செய்தது,
இந்த எண் பயன்பாட்டில் இல்லை என்று
நாற்பத்தொரு முறையும் அலுக்காமல் சொன்னது.

வஹ்யூனிக்குக் கையில் நீலநீலமாகத் தடம் இருக்கும்.
பஸ் சீட்டில் இடித்துக்கொண்டேன் கக்கா என்பாள்.
வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில்
'தகுதியில்லை' என்று வந்தது.
மூன்று நாளில் அனுப்பிவிட்டார்கள்,
உறை எடுக்க நேரமில்லை.

படிவத்தில் தொடர்பு கிடைக்காதவர்களுக்கு
ஒன்பது என்று போடவேண்டும்.
நாற்பது ஒன்பதுகளைப் பேனாவில் போட்டேன்.
வஹ்யூனிக்கு மட்டும் பென்சிலில்.
டாக்டர் ஹஸ்லினா பார்த்தார்.
கையிலிருந்த பேனாவை
பைக்குள் வைத்துக்கொண்டார்.